கடற்கரை வேண்டாம், வரலாறு வேண்டும்: கோவாவில் நான்கு நாளை எப்படிச் செலவிடுவது

கேள்வி இது: "பிப்ரவரியில் நான்கு நாள் கோவா போகிறோம். எழுபதை நெருங்கும் அம்மாவும் அப்பாவும் கூட வருகிறார்கள். கடற்கரையில் நேரம் போக்க விருப்பமில்லை. தேவாலயம், கோயில், கோட்டை, பழைய வீடுகள் பார்க்க வேண்டும். எங்கே தங்குவது, எந்த வரிசையில் பார்ப்பது, எதை விட்டுவிடலாம்?"

நான்கு இரவும் பனாஜியிலேயே தங்குங்கள். செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு காரை ஓட்டுநரோடு நான்கு நாளுக்கும் பேசிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

செவ்வாய் ஏன் என்றால், பழைய கோவாவில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. ரெய்ஸ் மாகோஸ் கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயங்களில் பூசை நடப்பதால் சுற்றிப் பார்க்க வருபவர்களைத் தாமதமாகத்தான் உள்ளே விடுவார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை, கீழே சொல்லும் வரிசையில் போனால் இந்த மூன்று தடையும் உங்கள் வழியில் வராது.

கோவா மொத்தமே 3,702 சதுர கிலோமீட்டர்தான், பரப்பளவில் இந்தியாவின் மிகச் சிறிய மாநிலம். அதனால் எல்லாம் பக்கத்தில்தானே என்று ஒரு நாளைக்கு எட்டு இடம் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். சாலைகள் ஊருக்குள் புகுந்து வளைந்து போகும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் 40 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். பெரியவர்களோடு போனால் ஒரு நாளைக்கு மூன்று இடம், கூடிப்போனால் நான்கு. அதற்கு மேல் வேண்டாம்.

கிளம்பும் முன் வரைபடத்தில் எல்லைக் கோடு ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அது தெரியாமல் போனால் கோவா வெறும் தேவாலயக் கூட்டமாகவும் கோயில் கூட்டமாகவும்தான் தெரியும். போர்ச்சுகீசியர்கள் 1510ல் பீஜப்பூர் சுல்தான் ஆதில் ஷாவிடமிருந்து பிடித்தது மாண்டவி, சுவாரி என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள திஸ்வாடித் தீவைத்தான். 1543ல் வடக்கே பார்தேஸும் தெற்கே சால்செட்டும் அவர்கள் கைக்கு நிலையாக வந்தன. இந்த மூன்றும் 'பழைய பிடிப்புகள்'. உள்நாட்டுப் பகுதிகளான ஃபோண்டா, பிச்சோலி, பெர்ணெம் எல்லாம் 18ஆம் நூற்றாண்டில்தான், ஃபோண்டா 1763ல், பெர்ணெம் 1788ல், அவர்களிடம் போயின. இவை 'புதிய பிடிப்புகள்'. 16ஆம் நூற்றாண்டில் பழைய பிடிப்புகளில் இருந்த கோயில்கள் இடிக்கப்பட்டபோது, பக்தர்கள் மூர்த்திகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஃபோண்டாப் பக்கம் போனார்கள். அன்று அது பீஜப்பூர் மண். கோவாவின் பெரிய தேவாலயங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கமும், பெரிய கோயில்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளும் நெருங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான். நான்கு நாள் பயணத்தையும் இந்தக் கோட்டின்படியே பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் பழைய கோவா. பனாஜியிலிருந்து கிழக்கே 10 கிலோமீட்டர். இங்கே ஒரு எச்சரிக்கை. போர்ச்சுகீசிய மொழியில் இந்த ஊர் 'வெல்யா கோவா'. 'கோவா வெல்யா' என்பது வேறு ஊர். பனாஜியிலிருந்து மட்காவ் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் கிராமம் அது; போர்ச்சுகீசியர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பு இங்கே ஆண்ட கதம்ப மன்னர்களின் கோபகப்பட்டணம் இருந்த இடம். கைபேசி வரைபடத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டு, தேவாலயத்தைத் தேடி வயல்வெளியில் நிற்பவர்கள் நிறையப் பேர். 'பாம் ஜீசஸ் பசிலிக்கா' என்று தேடுங்கள், குழப்பம் வராது.

காலை ஒன்பது மணிக்குள் பசிலிக்கா வாசலில் இருப்பது நல்லது. பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். 1594ல் தொடங்கி 1605ல் அருட்பொழிவு செய்யப்பட்ட கட்டடம் இது. வெளிச்சுவரைப் பார்த்ததும், மற்ற தேவாலயங்கள் வெள்ளையாக இருக்க இது மட்டும் ஏன் செங்கல் நிறத்தில் நிற்கிறது என்று தோன்றும். எல்லாமே செம்புரைக்கல்தான். மற்றவற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறது. இதற்கு மட்டும் 1950களில் ஒரு போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர், கல்லின் இயல்பான அழகு தெரியட்டும் என்று பூச்சை உரித்துவிட்டார். பக்கத்தில் போய்க் கல்லைப் பாருங்கள்: தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக, இரும்புத் துரு நிறத்தில் இருக்கும். வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து காற்றுப் பட்டு இறுகும் கல் இது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். ஆண்டுக்கு நான்கு மாதம் கொட்டும் மழையில், பூச்சு இல்லாத செம்புரைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிந்துகொண்டே இருக்கும். அன்றைய சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குக் குடையாக இருந்தது. அதைத் திரும்பப் பூச வேண்டும் என்று பசிலிக்காவின் பொறுப்பாளர்களே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. முகப்பில் நுணுக்கமாகச் செதுக்கிய பகுதிகள் மட்டும் கருங்கல். அதை மும்பைக்கு வடக்கே உள்ள வசாயிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள், செம்புரைக்கல்லில் நுண்வேலை நிற்காது என்பதால்.

உள்ளே புனித சவேரியாரின் உடல். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இவர் அயலார் இல்லை. 1542 மே மாதம் கோவாவில் இறங்கியவர், அதே ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து பரவர் ஊர்களில் தங்கிப் பணி செய்தார். மணப்பாட்டிலும் கோட்டாற்றிலும் இன்றும் அவர் பெயர் வீடுதோறும் தெரிந்த பெயர். 1552 டிசம்பர் 3ல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். உடல் மலாக்கா வழியாக 1554ல் கோவா வந்து சேர்ந்தது. வெள்ளிப் பேழை 1637ல் கோவாவிலேயே செய்தது. அதைத் தாங்கி நிற்கும் பளிங்கு மேடை, டஸ்கனி கோமகன் மூன்றாம் கோசிமோ இத்தாலியிலிருந்து அனுப்பியது. 1698ல் இங்கே நிறுவினார்கள். பேழை தலைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் உடல் சரியாகத் தெரியாது. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால், பேழையில் அவர் வாழ்க்கைக் காட்சிகளைச் செதுக்கியிருக்கும் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். உடலைக் கீழே இறக்கிப் பொது வணக்கத்துக்கு வைப்பது பத்தாண்டுக்கு ஒரு முறை. கடைசியாக நடந்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை.

சாலையைக் கடந்தால் சே பேராலயம். 1562ல் தொடங்கி 1619ல் முடிந்தது. இரண்டு கோபுரங்களோடு கட்டியதில் ஒன்று 1776ல் விழுந்துவிட்டது. திரும்பக் கட்டவில்லை, அதனால்தான் முகப்பு ஒரு பக்கம் சாய்ந்தது போலத் தோன்றும். மிஞ்சிய கோபுரத்தில் 'பொன்மணி' என்று பெயர் பெற்ற பெரிய மணி இருக்கிறது. அதை ஒட்டியே அசிசியார் தேவாலயமும், அதன் பழைய மடத்தில் அருங்காட்சியகமும்.

அருங்காட்சியகத்தை யாரும் தவிர்க்கக் கூடாது. மாடியில் வைஸ்ராய்களின் ஓவியங்கள் வரிசையாக உள்ளன. அவற்றில் பத்துப் பார்த்தால் போதும். நேரத்தைக் கீழ்த்தளத்தில் உள்ள நடுகற்களுக்குக் கொடுங்கள். கதம்பர் காலத்து வீரக்கற்கள் அவை. கீழ்ப் பட்டையில் வீரன் சண்டை போடுகிறான், நடுவில் அவனை மேலுலகம் கொண்டு போகிறார்கள், மேலே தெய்வத்தின் முன் அமர்ந்திருக்கிறான். நடுகல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அமைப்பு உடனே புரிந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், சில கற்களில் சண்டை நடப்பது கப்பலில். துடுப்பு வரிசைகூடத் தெரியும். கடலை ஆண்ட உள்ளூர் அரசு ஒன்று போர்ச்சுகீசியர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

பதினோரு மணிக்குள் இந்த மூன்றும் முடிந்தால், ஆற்றுப் பக்கம் இறங்கி வைஸ்ராய் வளைவைப் பாருங்கள். வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரன் பிரான்சிஸ்கோ ட காமா வைஸ்ராயாக இருந்தபோது எழுப்பியது. புதிதாக வரும் ஒவ்வொரு வைஸ்ராயும் கப்பலிலிருந்து இறங்கி இதன் வழியாகத்தான் நகருக்குள் நுழைவார். பக்கத்தில் புனித கயேத்தான் ஆலய வளாகத்தில் ஒற்றையாக நிற்கும் கருங்கல் வாசல், ஆதில் ஷாவின் அரண்மனையிலிருந்து மிஞ்சியது என்கிறார்கள். தூண் வேலையைப் பாருங்கள், கோயில் கல் தச்சர்களின் கைவரிசை தெரியும்.

மேற்கே குன்றின் மேல் அகுஸ்தினார் கோபுரம். 46 மீட்டர் உயரச் செம்புரைத் தூண், பாதி உடைந்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. 1602ல் முடிந்த தேவாலயம். 1835ல் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளைக் கலைத்ததும் கைவிடப்பட்டது. 1842ல் கூரை வளைவு இடிந்தது. 1931ல் முகப்பும் கோபுரத்தில் பாதியும் சரிந்தன. இந்தக் கோபுரத்து மணி இப்போது பனாஜி அமலோற்பவ மாதா ஆலயத்தில் ஒலிக்கிறது. தரையில் கவனமாக நடங்கள். காலடியில் உள்ளவை கல்லறைப் பலகைகள், குலச் சின்னங்கள் செதுக்கியவை. இந்த இடிபாட்டுக்குள்தான் ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தவானின் எலும்புகளைத் தேடினார்கள். 1624ல் பாரசீகத்தில் கொல்லப்பட்டவர் அவர். அகுஸ்தின் சபைத் துறவிகள் எச்சங்களை இங்கே கொண்டுவந்ததாக எழுத்துப் பதிவு இருந்தது. தொல்லியல் துறை கண்டெடுத்த எலும்பை மரபணுச் சோதனை செய்து 2013ல் உறுதிப்படுத்தினார்கள். 2021ல் இந்தியா அதை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. குன்றுக்கு ஏற்றம் அதிகமில்லை, கார் பக்கத்திலேயே போகும். ஆனால் நிழலே கிடையாது. நண்பகலுக்கு முன் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் நான்கு மணிக்கு மேல் வாருங்கள்.

திரும்பும்போது ஓட்டுநரிடம் சொல்லி, ஃபோண்டா சாலையில் தனியாக நிற்கும் புனித பவுல் கல்லூரி முகப்பு வளைவில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கல்லூரி போய்விட்டது, வாசல் மட்டும் மிச்சம். 1556ல் இந்தியாவின் முதல் அச்சகம் இயங்கியது இந்தக் கல்லூரியில்தான். 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் தமிழ் எழுத்துகளில் ஒரு தொகுதி, அதற்கு முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்தது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகரும் கூட்டத்துக்கு இது வெறும் வளைவு. தமிழ் அச்சுக்கு இந்த ஊரோடு தொடர்பு உண்டு என்று தெரிந்து நிற்பது வேறு.

இவ்வளவு பெரிய நகரம் ஏன் காலியானது என்று அப்பா கேட்பார். காய்ச்சலும் காலராவும்தான் முதல் காரணம். மக்கள் நெரிசல், கெட்ட கிணற்று நீர், சதுப்பு நிலக் கொசு எல்லாம் சேர்ந்து திரும்பத் திரும்பத் தாக்கின. 1759ல் வைஸ்ராயே இருப்பிடத்தை பனாஜிக்கு மாற்றினார். 1843ல் பனாஜி அதிகாரபூர்வத் தலைநகரம் ஆனது. ஆளில்லாத வீடுகளின் கல்லைப் பிரித்து எடுத்துப் போய்ப் புதிய ஊரைக் கட்டினார்கள்.

மதியம் ஓய்வு எடுங்கள். ஒன்று முதல் நான்கு வரை கோவாவின் சிறிய கடைகளும் ஓய்வில்தான் இருக்கும். மாலை நான்கரைக்கு பனாஜியின் ஃபோன்டைன்யாஸ் பகுதியில் நடங்கள். மஞ்சள், நீலம், காவி நிற வீடுகள். வெள்ளை தேவாலயத்துக்கு மட்டும் என்ற பழைய வழக்கத்தால் வந்த நிறங்கள் இவை. மழைக்காலம் முடிந்ததும் மறு பூச்சு அடிப்பார்கள். புனித செபஸ்தியார் சிற்றாலயம் திறந்திருந்தால் உள்ளே போங்கள். அங்கே உள்ள சிலுவை, கத்தோலிக்க நெறியை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்த, பழைய கோவாவின் மதவிசாரணை மன்றத்தில் இருந்தது. இயேசுவின் கண் திறந்தபடி இருக்கும், தலை சாயாமல் இருக்கும். 1560 முதல் 1812 வரை, நடுவில் சில ஆண்டுகள் நீங்கலாக, நடந்த அந்த விசாரணையில் நின்றவர்கள் பார்த்த முகம் அது. ஒன்று சொல்ல வேண்டும்: இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும், ஜன்னலுக்குள் கைபேசியை நீட்டுவதும் அங்கே பெரிய தொல்லையாகிவிட்டது. தெருவில் நின்று எடுங்கள், போதும்.

இரண்டாம் நாள் ஆற்றின் மறுபக்கம். இதில் வரிசை முக்கியம். தொலைவில் உள்ள தாம்டி சுர்லா கோயிலை முதலில் முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஃபோண்டா கோயில்களைப் பாருங்கள். தலைகீழாகப் போனால், கோயில்களில் நேரம் போய், காட்டுக்குள் இருக்கும் சுர்லாவை அவசரமாகப் பார்த்துத் திரும்ப வேண்டி வரும்.

தாம்டி சுர்லா பனாஜியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கடை கண்ணி கிடையாது, கைபேசித் தொடர்பும் விட்டு விட்டுத்தான் வரும். தண்ணீர், பிஸ்கட் கையில் இருக்கட்டும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சிறிது தூரம் சமதளமாக நடந்தால் போதும், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கதம்பர் காலத்து மகாதேவர் கோயில், 12–13ஆம் நூற்றாண்டு. சின்னக் கோயில். கருவறை, இடைகழி, தூண் மண்டபம், அவ்வளவுதான். ஆனால் கோவாவில் அந்தக் காலத்துக் கோயில் இடியாமல் நிற்பது இது ஒன்றுதான். காடு மறைத்ததால் தப்பியது. கல்லைத் தொட்டுப் பாருங்கள். இந்த மாநிலம் முழுக்கச் சிவப்புச் செம்புரைக்கல். இது மட்டும் கரிய எரிமலைக்கல். இந்தக் கல் இங்கே கிடைக்காது, மலைக்கு மேலே தக்காணத்திலிருந்து கொண்டுவந்து, சாந்து இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். மண்டபத்தின் நடுவில் தலை இல்லாத நந்தி. மேலே நிமிர்ந்தால் தாமரை விதானம். தூண் ஒன்றின் அடியில் யானை குதிரையை மிதிக்கும் சிற்பம், குனிந்து தேட வேண்டும். வெளியே வந்து மண்டபக் கூரையைப் பார்த்தால் வெறும் சாய்வுப் பலகைக் கற்கள். மேல்வேலை முடியாமலே நின்றுவிட்டது தெரியும். சன்னதி கிழக்கு நோக்கியது, காலை வெளிச்சத்தில்தான் உள்வேலை தெரியும். சீக்கிரம் கிளம்பச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பக்கத்தில்தான் தூத்சாகர் அருவி என்று ஓட்டுநர் இழுப்பார். பெரியவர்களோடு வேண்டாம். குளேமிலிருந்து ஜீப்பில் ஆற்றுப் படுகையைக் கடந்து குலுங்கிக்கொண்டு போய், பிறகு பாறை மேல் நடக்க வேண்டும். பிப்ரவரியில் தண்ணீரும் மெலிந்திருக்கும். அரை நாள் போய்விடும். தண்டவாளம் வழியாக நடந்து போவது தடை செய்யப்பட்டது, ஆபத்தும்கூட.

ஃபோண்டாப் பக்கம் எல்லாக் கோயிலும் பார்க்க வேண்டியதில்லை. மங்கேஷி, மார்தோலில் மகாலசா, கவளேயில் சாந்தாதுர்க்கை, இந்த மூன்று போதும். வரைபடத்தில் 'சாந்தாதுர்க்கை' என்று மட்டும் போட்டால் மாநிலம் முழுக்கப் பல கோயில் வரும். 'கவளே' என்று சேர்த்துத் தேடுங்கள். மங்கேஷி 1560ல் சுவாரிக்குத் தெற்கே குசஸ்தலியிலிருந்து பெயர்ந்து வந்தது. மகாலசா வெர்ணாவிலிருந்து, சாந்தாதுர்க்கை கேளோஷியிலிருந்து. இப்போது நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் வேலை. ராஜகோபுரத்தைத் தேடாதீர்கள். கருவறைக்கு மேல் எண்கோணக் குவிமாடம், முன்னால் அடுக்கடுக்கான தீபஸ்தம்பம், ஓடு வேய்ந்த சாய்வுக் கூரை, வளைவு ஜன்னல். மராத்தியர், முகலாயர், போர்ச்சுகீசியர் பாணிகளை எல்லாம் உள்ளூர்க் கொத்தர்கள் ஒன்றாகப் பிசைந்து தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தேவாலயம் கட்டிய அதே கைகள் என்பது ஜன்னலைப் பார்த்தாலே தெரியும். மார்தோலில் ஆமையின் முதுகில் நிற்கும் பித்தளை விளக்குத் தூணை விட்டுவிடாதீர்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். பெரியவர்கள் வேட்டி, சேலையில் வந்தால் கேள்வியே இல்லை.

நேரம் இருந்தால் ஃபோண்டா ஊரை ஒட்டிய சஃபா மசூதி. 1560ல் பீஜப்பூர் ஆட்சியில் கட்டியது. சின்னத் தொழுகைக்கூடம், பெரிய குளம். குளத்துச் சுவரில் வரிசையாக மிஹ்ராப் (மசூதியில் தொழுகைத் திசையைக் காட்டும் வளைவு) வடிவ மாடங்கள். மூர்த்திகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இந்தப் பக்கம் ஓடிவந்த அதே ஆண்டுகளில் எழுந்த கட்டடம் என்று நினைத்துப் பார்த்தால், அன்றைய எல்லையின் பொருள் விளங்கும்.

மூன்றாம் நாள் தெற்கே சாந்தோர். மட்காவிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள். போஜரும் பிறகு கதம்பரும் ஆண்ட சந்திரபுரம் இதுதான். இன்று ஊருக்குப் பெயர் வாங்கித் தருவது மெனேசஸ் பிரகன்சா மாளிகை. தெருவின் ஒரு பக்கம் முழுக்க ஒரே வீடு, உள்ளே இரண்டு குடும்பக் கிளைகள், இரண்டு வாசல். இரு பக்கமும் தனித்தனியாகப் பராமரிப்புக்குப் பணம் கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் சொந்தக் காசில் காப்பாற்றிவரும் வீடு, தயங்காமல் கொடுங்கள். மேற்குப் பக்கம் நூலகம். கிழக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் சவேரியாரின் நகம் ஒன்றைத் திருப்பண்டமாக வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு ஏறித்தான் போக வேண்டும். ஏற முடியாதவர்கள் கீழே காத்திருக்க வேண்டியிருக்கும்.

பழைய வீடுகளில் ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடி இல்லை, சிப்பி. உள்ளங்கை அளவுள்ள தட்டையான சிப்பியை ஓரம் வெட்டிச் சதுரமாக்கி, மரச் சட்டத்தின் பள்ளத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகியிருப்பார்கள். கண்ணாடி அன்று கப்பலில் வர வேண்டிய பொருள். இந்தச் சிப்பி உள்ளூர்க் கழிமுகத்தில் கிடைத்தது. கையை அதன் பின்னால் வைத்தால் விரல் தெரியாது, நிழல் மட்டும் தெரியும். அறைக்குள் வெளிச்சம் பால் நிறத்தில் பரவும், வெயில் சூடு தெரியாது. சிப்பி உடைந்தால் மாற்றிப் போட ஆள் கிடைக்காமல் பல வீடுகளில் கண்ணாடி வைத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள்.

மதியத்துக்குக் கேப்பேம் ஊரில் 'பலாசியோ தோ தேயாவ்' என்ற 1787ஆம் ஆண்டு மாளிகை. முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் அங்கேயே மதிய உணவு கிடைக்கும். சைவம் என்றால் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து ரிவோணா வழியாக உஸ்கலிமல். குஷாவதி ஆற்றங்கரைச் செம்புரைப் பாறைத் தரையில் நூற்றுக்கும் மேற்பட்ட கீறல் உருவங்கள்: காளைகள், மான்கள், மனிதர்கள், வட்டத்துக்குள் வட்டமாகச் சுழலும் ஒரு புதிர்ப்பாதை. 1993ல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. நண்பகல் வெயிலில் போய், ஒன்றுமே இல்லையே என்று திரும்பிவிடுகிறார்கள். கோடுகள் ஆழமில்லை, வெயில் சாய்வாக விழுந்தால்தான் நிழல் விழுந்து உருவம் எழும். நான்கு மணிக்கு மேல் போய்ச் சேருங்கள். சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து பார்ப்பது பாறையைக் கெடுக்கும், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் ஆற்று நீர் ஏறிவிடும், அப்போது இந்த இடத்தைத் திட்டத்தில் வைக்கவே கூடாது.

நான்காம் நாளில் கோட்டைகளை மாலைக்கு வையுங்கள். சொல்லிக்கொள்ளும்படி இரண்டு போதும். ரெய்ஸ் மாகோஸ், 1551ல் தொடங்கியது, பனாஜிக்கு நேர் எதிர்க்கரை. நல்ல முறையில் பழுது பார்த்திருக்கிறார்கள், உள்ளே ஓவியர் மரியோ மிராண்டாவின் படங்களுக்குத் தனிக்கூடம் உண்டு. சரிவான பாதையில் ஏற வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அடிவாரத் தேவாலயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்தது அகுவாடா, 1612. 'அகுவா' என்றால் தண்ணீர். நீண்ட கடல் பயணத்துக்குக் கிளம்பும் கப்பல்கள் இங்கே நீர் நிரப்பிக்கொள்ளும். கோட்டை முற்றத்துக்கு அடியில் தூண்கள் தாங்கும் தொட்டியின் கொள்ளளவு 23 லட்சம் காலனுக்கு மேல். மேலே நிழல் இல்லை, தொப்பி வேண்டும். கீழே கடலோரத்துப் பழைய சிறை இப்போது அருங்காட்சியகம். கோவா விடுதலைக்குப் போராடியவர்களை அடைத்து வைத்த இடம் அது, தனி நுழைவுச்சீட்டு. சாப்போராவை விட்டுவிடலாம். ஒரு இந்திப் படத்தால் கூட்டம் சேரும் இடம்; வெளிமதிலைத் தவிர உள்ளே ஒன்றும் மிச்சமில்லை, ஏற்றமும் கரடுமுரடு.

பணம், வண்டி பற்றிச் சில வார்த்தைகள். டாக்சிகளில் மீட்டர் பெரும்பாலும் ஓடாது. நாள் வாடகை பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், அதைத் தாண்டினால் என்ன விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் எடுப்பதானால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டி மட்டும்; வெள்ளைப் பலகை சொந்த வண்டி, அதை வாடகைக்கு ஓட்டினால் அபராதம் உங்களுக்கும்தான். விமானத்தில் வந்தால் டபோலிம், மோப்பா என இரண்டு நிலையங்கள், சீட்டில் எது என்று பாருங்கள். ரயிலில் கொங்கண் பாதை வழியாக வந்தால், வண்டி கர்மாலியில் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய கோவாவுக்குப் பக்கத்து நிலையம் அதுதான், மட்காவில் இறங்கினால் வீணாக 30 கிலோமீட்டர் கார் வாடகை. வேளாங்கண்ணியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வாஸ்கோவுக்கு வரும் வாராந்திர வண்டிகள் லோண்டா, குளேம் வழியாக மலையிறங்குபவை. அவை கர்மாலிக்குப் போகாது, மட்காவில் இறங்கிக்கொள்ளுங்கள். அந்த மலைப்பாதையைப் பகலில் கடந்தால் தூத்சாகரை இருக்கையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

நான்காம் நாள் காலையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதை திவார் தீவுக்குக் கொடுங்கள். இந்த நான்கு நாளில் மிகக் குறைந்த பேர் போகும் இடம் இது, வரலாறு மிக அடர்த்தியாக இருப்பதும் இங்கேதான். வைஸ்ராய் வளைவைத் தாண்டிய படித்துறையில் படகு. காரையும் ஏற்றும் தட்டைப் படகு, நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறு கடக்கச் சில நிமிடம். தீவில் பியேதாதே குன்றின் மேல் தேவாலயம். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சிற்றாலயம் உள்ளது. உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்திப் பாருங்கள்: கதம்பர் காலத்துக் கோயில் விதானம், கல் மலர் வேலையோடு. நேற்று முன்தினம் சுர்லாவில் பார்த்த தாமரையின் உறவு என்று பார்த்தவுடன் தெரியும்.

கதம்ப மன்னர்களின் குலதெய்வமான சப்தகோடீஸ்வரர் குடியிருந்தது இந்தத் தீவில். கோயில் இடிக்கப்பட்ட பிறகு லிங்கத்தை மீட்டு ஆற்றைக் கடத்தி எதிர்க்கரையில் உள்ள நார்வே என்ற கிராமத்தில் வைத்தார்கள். 1668ல் சிவாஜி அங்கே கோயிலைப் புதுப்பிக்க ஆணையிட்டார். தீவின் மறுகோடியிலிருந்து நார்வேக்கு இன்றும் படகு ஓடுகிறது. மூர்த்தி கடந்த அதே ஆறு. காரோடு ஏறிக்கொள்ளலாம். சின்னக் கோயில், ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு தீபஸ்தம்பம். மூலவர் பட்டை தீட்டிய தாரா லிங்கம். காலை எட்டு மணிக்குப் பழைய கோவாப் படித்துறையில் இருந்தால் பதினொன்றரைக்குள் தரிசனம் முடிந்துவிடும். திரும்பும்போது படகுக்குக் காத்திருக்காமல் பிச்சோலி சாலை வழியாக பனாஜிக்கு வந்து, சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, நான்கு மணிக்குக் கோட்டைகளுக்குக் கிளம்பலாம்.